பிணியாளன் ஏடு எவருக்குரியது?

சென்ற பௌர்ணமியன்று மாலை ஆண்டர்சன்பேட்டையில் நாம் நிகழ்த்திய சொற்பொழிவு முடிந்து அன்பர்கள் கலைந்து சென்ற பின்னர், மூதாட்டி ஒருவர் மட்டும் எழாமல் அமர்ந்திருந்தார். அவருடைய கணவர் தங்கச் சுரங்கத்தில் பாறை துளைக்கும் வேலையில் வாழ்நாளைக் கழித்தவர். இருமி இருமியே இறந்தவர். அவர் விட்டுச் சென்ற பொருள்களுள் ஒன்று மார்பு எக்ஸ்-ரே படம். அதனைத் தகரப் பெட்டியில், திருமணப் புடவைக்கு அடியில், பழுப்பு நிற உறையிலிட்டு அம்மூதாட்டி இன்றுவரை காத்து வருகின்றார்.

அண்மையில் பெங்களூரிலிருந்து இளைஞர் இருவர் அவர் வீட்டுக்கு வந்திருக்கின்றனர். நுரையீரலில் கல்தூசு படியும் சிலிகோசிஸ் நோயைக் கண்டறியக் கணினிக்குக் கற்பிப்பதாகவும், அதற்குப் பழைய படங்கள் பல வேண்டும் என்றும், நகலெடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவதாகவும் கூறியிருக்கின்றனர். நல்ல பிள்ளைகள்தாம்; கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, பணிவோடு பேசிச் சென்றனராம். அம்மூதாட்டி நம்மிடம் வினவியது இது: “ஐயா, அவர் நெஞ்சை நான் எடுத்துக் கொடுக்கலாமா? கொடுத்தால் அது தானமா, இல்லை அவருக்குச் செய்யும் துரோகமா?”

நாம் உடனே விடை கூறவில்லை. கூற இயலவில்லை என்பதே உண்மை. தானத்தின் சிறப்பைப் பற்றி அப்பொழுதுதான் ஒரு மணி நேரம் பேசி முடித்திருந்தோம். ஆயினும் இறந்தவன் மார்பின் நிழலைத் தானம் செய்யும் உரிமை எவருக்குண்டு என்பதை நாம் எண்ணிப் பார்த்ததே இல்லை. அன்று முதல் எண்ணியவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

வினா ஒரு தகரப் பெட்டியோடு நிற்பதன்று. 2020 ஆகஸ்டு 15 அன்று அறிவிக்கப்பட்டு, ஒன்றிய ஆட்சிப் பகுதிகள் சிலவற்றில் சோதித்துப் பார்க்கப்பட்ட திட்டம், 2021 செப்டம்பர் 27 முதல் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் என்னும் பெயருடன் நாடு முழுமைக்கும் விரிந்தது. அதன்படி ஒவ்வொருவரும் 14 இலக்கங்கள் கொண்ட ஆபா எண் பெறலாம். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே அவ்வெண் பெற்றோர் தொகை 70 கோடியைக் கடந்துவிட்டது. பலர் எண்ணுவதுபோல் நம் நோய்க் குறிப்புகள் யாவும் டில்லியில் ஒரே களஞ்சியத்தில் கொட்டப்படுவதில்லை. எந்த மருத்துவமனை எழுதியதோ அங்கேயே குறிப்பு இருக்கும். ஒரு மருத்துவமனையின் குறிப்பை மற்றொன்று காண வேண்டுமாயின், நோயாளியின் இசைவைக் கேட்டுப் பெற வேண்டும். எண் பெறுவதும் பெறாதிருப்பதும் அவரவர் விருப்பம் என்பதே விதி. ஏட்டில் உள்ள விதியைக் கூறினோம். மாரிகுப்பத்தில் விடியுமுன் வண்டியேறிப் பெங்களூர் சென்று, பெரிய மருத்துவமனையின் வரிசையில் பசியோடு நிற்பவருக்கு, முன்னிருக்கும் மேசையில் ஒட்டியுள்ள சதுரக் கட்டத்தைக் கைப்பேசியால் காட்டினால் சீட்டு விரைவில் கிடைக்கும் என்கின்றனர். கைப்பேசியோ மகனுடையது. மகன் ஆலையில் இருக்கின்றான். அவ்விடத்தில் விருப்பம் என்னும் சொல்லுக்கு எவ்வளவு பொருள் உண்டு என்பதைப் படிப்பவர்களே எண்ணிப் பார்க்கலாம்.

நோயை வெளியிடுவதா மறைப்பதா என்னும் வினாவுக்கு நம் முன்னோரிடமே ஒரு விடை உண்டு. வயிற்றுப்போக்கால் தன் அழுக்கிலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் பகவன் ஆனந்தரோடு சேர்ந்து தம் கையாலேயே கழுவிப் படுக்கையில் கிடத்திய வரலாற்றை அன்பர்கள் அறிவர். அதனையடுத்து விநயத்தில் வரும் பகுதியைப் பலர் ஊன்றிப் பார்ப்பதில்லை. நல்ல நோயாளிக்கு உரிய இயல்புகள் ஐந்து அங்கே வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று, உள்ள நோயை உள்ளவாறே வெளியிடுதல். எவரிடத்து? தன் நலத்தை விரும்பிப் பணிவிடை செய்பவரிடத்து. இந்த அடைமொழியில்தான் நம் வினா முழுவதும் அடங்கியிருக்கின்றது. மேலும், பணிவிடை செய்பவருக்குரிய இயல்புகளுள், பொருள் விரும்பாது அன்புள்ளத்தோடு செய்தல் என்பதும் ஒன்று. ஆகவே நோயாளியின் வாய்மைக்கு ஈடாக மறுபக்கத்தில் ஒரு கடமை நிறுத்தப்பட்டிருக்கின்றது. அக்கடமை இல்லாத இடத்தில் வாய்மையை மட்டும் எதிர்பார்ப்பது நீதியாகுமா?

நாம் இளமையில் வேறோர் ஊரில் பஞ்சாலைத் தொழிலாளியாய் இருந்ததை அன்பர்கள் அறிவர். ஆலையின் பெயர் ஈண்டு வேண்டுவதில்லை. ஆண்டுக்கொரு முறை மருத்துவர் வருவார். நாங்கள் சட்டையைக் கழற்றி வரிசையில் நிற்போம். அவர் மார்பில் கருவியை வைத்துக் கேட்பார். அருகிலிருக்கும் எழுத்தர் ஏட்டில் குறிப்பார். அந்த ஏடு எங்களிடம் ஒருநாளும் காட்டப்பட்டதில்லை. அது மேலாளரின் மேசைக்குச் சென்றது. யாருடைய பெயருக்கு எதிரே மார்பு பலவீனம் என்று எழுதப்பட்டதோ அவர் சில மாதங்களுக்குள் வேலையிலிருந்து நின்றுவிடுவார். காரணம் ஏதேனும் ஒன்று கூறப்படும். பஞ்சுத் தூசால் வரும் மார்பிறுக்கம் விடுமுறை கழிந்த திங்கட்கிழமையில்தான் மிகுதியாய்த் தோன்றும். மருத்துவர் திங்களன்று வராதிருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டவர் எத்தனையோ பேர்! இலவங்கத்தை வாயில் அடக்கி இருமலை விழுங்கக் கற்றோம்.

பஞ்சு உடைக்கும் பகுதியில் நமக்கு நெருங்கிய தோழர் ஒருவர் இருந்தார். ஒருமுறை அவருக்கு மிகவும் முடியவில்லை. உள்ளதைச் சொல்லிவிடவா என்று கேட்டார். பெண் குழந்தைகள் மூவர் உள்ளனர், மூச்சைப் பிடித்துக்கொண்டு நில் என்று நாமே கூறினோம். அவரும் நின்றார், நல்ல உடல் என்று எழுதப்பட்டார். ஈராண்டு கழித்து அவர் இரத்தம் உமிழ்ந்தபோது, காசநோய் முற்றிவிட்டது என்று அரசாங்க மருத்துவமனையில் கூறினர். அவ்வேடு எங்களைப் பொய்யர் ஆக்கியது உண்மை. அப்பொய்யை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் நாம் என்பதும் உண்மை. இவ்விரண்டில் ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைக்க நமக்கு விருப்பமில்லை.

ஆகலின் எதையும் எவருக்கும் காட்டாதீர்கள், பெட்டியைப் பூட்டி வையுங்கள் என்று கூறுவாருடன் நாம் உடன்படோம். மறைத்தலும் கொல்லும். அதுமட்டுமன்று, பலருடைய மார்புகள் ஒருங்கே எண்ணப்பட்டதனால் அல்லவோ இவ்வூரின் நோய் உலகுக்குத் தெரிந்தது! 1940 முதல் 1946 வரை கோலார் தங்கவயலில் தொழிலாளரைச் சோதித்த காப்லன், பர்டன் என்போரின் ஆய்வு 1947இல் வெளியாயிற்று. சோதிக்கப்பட்ட 7653 பேரில், நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோரிடம் சிலிகோசிஸ் காணப்பட்டது. இந்தியாவில் அந்நோயைப் பற்றிய முதல் ஆய்வென்று இன்றும் நூல்கள் குறிப்பது இதனையே. ஒருவன் இருமினால், புகையிலையால் வந்தது, குடியால் வந்தது, அவன் பிறவியே அப்படி என்று கூறிவிடலாம். மூவாயிரம் பேர் ஒரே வகையாய் இருமினால் எவரும் அவ்வாறு கூறித் தப்ப இயலாது. தனித்தனியே வெறும் துன்பமாய்க் கிடந்தது ஒன்று சேர்ந்தபொழுது சான்றாயிற்று. அந்த 7653 பேரிடமும் எவரேனும் இசைவு கேட்டிருப்பரோ? அக்காலத்து வழக்கத்தை எண்ணினால் நமக்கு ஐயமே. ஆயினும் அக்கணக்கு எடுக்கப்படாதிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று நம்மால் கூற இயலவில்லை.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. நோய் மூடப்படவில்லை. கல்தூசு நோய், வேலையை விட்டுப் பல ஆண்டு கழிந்த பின்னும் தோன்றும். தோன்றிய பின் தூசு இல்லாத இடத்திலும் வளரும். இன்றும் கருங்கல் உடைப்போர், மணற்கல் செதுக்குவோர், கண்ணாடித் தொழிலாளர் எனப் பல்லாயிரவர் அதே தூசை மூச்சாக இழுக்கின்றனர். அவர்கள் படத்தைப் பார்த்துச் சொல்லத் தக்க மருத்துவர் சிற்றூர்களில் அரியர். உள்ள மருத்துவரும் ஒரே படத்தை வெவ்வேறாகப் படிப்பதுண்டு. அதனாலேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஒப்புநோக்குவதற்கென்று மாதிரிப் படங்களை வகுத்து வைத்திருக்கின்றது. இந்நிலையில் சோர்வில்லாத இயந்திரம் ஒன்று படத்தை முதலில் பார்த்து ஐயமுள்ளவற்றைப் பிரித்துத் தருமாயின் அதனை வெறுக்கக் காரணம் என்ன? காசநோயைத் தேடுவதற்கு, 15 வயதுக்கு மேற்பட்டோரின் மார்புப் படத்தைக் கணினி கொண்டு படிக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனமே 2021இல் பரிந்துரைத்துள்ளது.

இயந்திரம் கற்கும் முறையைச் சிறிது கூறுதல் வேண்டும். அதற்கு இலக்கணம் எவரும் சொல்லிக் கொடுப்பதில்லை. இது நோயுள்ளது, இது நோயற்றது என்று மருத்துவர் குறித்த படங்களை ஆயிரக்கணக்கில் காட்டுவர். அவற்றினின்று வேற்றுமையைத் தானே பிரித்துக்கொள்ளும். நீரிழிவால் விழித்திரை கெடுவதைக் கண்டறியக் கூகிள் நிறுவனத்தார் கற்பித்த இயந்திரத்தைப் பற்றி 2016இல் கட்டுரை வெளிவந்தது. அதற்குக் காட்டப்பட்ட விழித்திரைப் படங்கள் 1,28,175. அவை அமெரிக்காவிலிருந்தும், மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூர் நாராயண நேத்ராலயா ஆகிய நம் மருத்துவமனைகளிலிருந்தும் பெறப்பட்டவை. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை, ஏழையின் கண்ணை ஒளிபெறச் செய்த புகழுடையது. அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3049 நோயாளிகளிடம் சோதித்தபோது, பயிற்சி பெற்ற மனிதருக்கு நிகராக இயந்திரம் கண்டறிந்ததாக 2019இல் எழுதினர். நம் நாட்டில் நீரிழிவுள்ளோர் 10 கோடிக்கு மேல் என்று 2023இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. அத்தனை விழிகளையும் பார்க்கக் கண் மருத்துவர் போதார். எனவே பயன் மெய். ஆயினும் மதுரையில் முகவாயைக் கருவியின்மேல் வைத்து இமைக்காமல் இருந்த உழவனும், நெசவுக்காரியும் அவ்வியந்திரத்துக்கு ஆசிரியர்கள் அல்லரோ? ஆசிரியர் பெயர் எங்கும் இல்லை. கற்ற கல்வி ஒரு நிறுவனத்தின் உடைமை.

கற்ற இடத்தில் தேறியது கற்காத இடத்தில் தடுமாறுவதும் உண்டு. இதே இயந்திரத்தைத் தாய்லாந்தில் 11 சிகிச்சை நிலையங்களில் வைத்தபோது, அறையில் வெளிச்சம் சரியில்லாமை முதலிய காரணங்களால் ஐந்து படங்களில் ஒன்றைப் படிக்க இயலாதென்று தள்ளிவிட்டதை 2020இல் வெளியிட்டனர். ஒருநாள் கூலியை விட்டு வந்தவரை மற்றொரு நாள் வேறொரு மருத்துவமனைக்குப் போ என்று அனுப்ப வேண்டியதாயிற்று. இது திருத்தக்கூடிய குறை. திருத்துவதற்கு அரிய குறை ஒன்று உண்டு. அதனையே நம்மவர் ஊன்றி அறிதல் வேண்டும்.

அமெரிக்க நாட்டில் எவருக்குக் கூடுதல் கவனிப்புத் தேவை என்பதை முன்கூட்டியே கணிக்கும் கணக்கு முறை ஒன்று பல இலட்சம் மக்களுக்குப் பயன்படுத்தப்பட்டு வந்தது. அதன் உள்ளே நிறம் என்பது எழுதப்படவில்லை. எவர்மீதும் பகையின்றி எண்களையே பார்த்தது. ஆயினும் 2019இல் ஆய்வாளர் அதனை ஆராய்ந்தபோது, ஒரே அளவு நோயுள்ள வெள்ளையரையும் கறுப்பரையும் ஒப்பிட்டால், கறுப்பர் நலமுள்ளோர் என்று அது கணித்திருந்தமை வெளிப்பட்டது. காரணம் மிக எளிது. நோயின் அளவை நேரே அறிய வழியின்றி, சென்ற காலத்தில் ஒருவருக்கு மருத்துவத்தில் எவ்வளவு பணம் செலவிடப்பட்டது என்பதை நோயின் அளவாய் வைத்திருந்தனர். கறுப்பருக்குச் செலவிடப்பட்ட பணம் குறைவு. குறைவாய்ச் செலவிடப்பட்டதனால் அவர்களுக்கு நோயும் குறைவு என்று இயந்திரம் கற்றுக்கொண்டது. அப்பிழையை நீக்கினால், கூடுதல் கவனிப்புப் பெறுவோரில் கறுப்பரின் பங்கு நூற்றுக்கு 17.7லிருந்து 46.5 ஆக உயரும் என்று கணக்கிட்டனர்.

அன்பர்களே, இது நமக்குப் புதிய கதையோ? பள்ளிக்குள் விடாமல் நிறுத்திப் பின்னர் இவர்களுக்குப் படிப்பு ஏறாது என்றவர் உளர். கிணற்றை அண்டவிடாமல் செய்து பின்னர் இவர்கள் தூய்மையற்றவர் என்றவர் உளர். மறுக்கப்பட்டதையே தகுதியின்மைக்குச் சான்றாக்குதல் பழைய வழக்கம். அன்று அதனைச் செய்தவனுக்கு முகம் இருந்தது. எதிர்த்து வாதாட இயன்றது. நாளை நம் நாட்டிலும் பழைய மருத்துவமனைக் கணக்குகளைக் காட்டி இயந்திரத்துக்குக் கற்பிப்பர். அக்கணக்குகளில் நம்மவர் எங்கே? வண்டிக்கூலி இல்லாமல் போகாதவர், போயும் வெளித் திண்ணையில் காத்திருந்து திரும்பியவர், நாட்டு மருந்தோடு முடிந்துபோனவர், இவர்கள் எல்லாம் அந்த ஏட்டில் நோயற்றவராகவே இருப்பர். எழுதப்படாத நோய் இல்லாத நோயாகிவிடும். ஆகவே நம் குறிப்புகள் தவறான கைக்குப் போய்விடுமோ என்ற அச்சம் ஒருபுறம் இருக்க, நம் குறிப்புகள் எங்குமே இல்லாமற் போவதும் கேடாகும். தகரப் பெட்டியின் முன் நம்மை மௌனமாக்கியது இவ்விரு பக்க அச்சமே.

வினைக்கு வேர் எண்ணம் என்பது நம் கொள்கை. இயந்திரத்துக்கு எண்ணமில்லை, ஆதலால் அதற்குப் பழியுமில்லை, புண்ணியமுமில்லை. பழி எங்கே போயிற்று? மறைந்துவிட்டதா? இராஜஸ்தானத்தில் 2019இல் வகுத்த கொள்கைப்படி, தூசு நோய் உண்டென்று சான்று பெற்ற தொழிலாளிக்கு 3 லட்சம் ரூபாயும், அவர் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் உதவியாகக் கிடைக்கும். இத்தகைய சான்றை நாளை ஒரு இயந்திரம் மறுக்குமாயின், அத்தொழிலாளி எவர் முகத்தைப் பார்த்து, ஐயா மறுபடியும் பாருங்கள் என்று கேட்பான்? மருத்துவர் கணினியைக் காட்டுவார். கணினி செய்தோர் படங்களைக் காட்டுவர். படங்களைக் குறித்தோர் எங்கோ இருப்பர். நம் கருத்து யாதெனின், எண்ணமுள்ள ஒருவர் தம் பெயரை எழுதிக் கையெழுத்திடாத எந்த முடிவும் நோயாளியைக் கட்டுப்படுத்தலாகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023இல் வெளியிட்ட நெறிமுறைகளும் பொறுப்பேற்றலை ஒரு நெறியாகக் கூறியிருக்கின்றன. நெறிமுறை சட்டமன்று என்பதையும் மறத்தலாகாது.

சட்டத்தைப் பற்றிச் சுருங்கக் கூறுவோம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று, கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசுவாமி தொடுத்த வழக்கில், உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24இல் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். நோய்க் குறிப்புகளுக்கென்றே 2018இல் எழுதப்பட்ட தனி வரைவு சட்டமாகவில்லை. 2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நோய்க் குறிப்பையும் மற்ற விவரங்களையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது. 2011ஆம் ஆண்டு விதிகளில் நோய்க் குறிப்புக்கு இருந்த தனியிடம் இதில் இல்லை. அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. பூட்டு எவ்வளவு வலியது என்பதற்கோ, 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளைத் திருடர் முடக்கியதும், இரு வாரங்கள் அளவும் மருத்துவர் காகிதத்தில் எழுதியதுமே போதிய சான்று.

இவற்றையெல்லாம் எண்ணியபின், அடுத்த ஞாயிறு அம்மூதாட்டியின் வீட்டுக்குச் சென்றோம். நம் விடையை இவ்வாறு கூறினோம்: “அம்மா, கேட்பவர் நம் நலம் விரும்புவோரா என்பதை அவர் முகத்தைக் கொண்டு அறிய முடியாது. எதற்காகக் கேட்கின்றனர், எவரிடம் சேரும், அதைக் கொண்டு செய்த கருவி நம்மவருக்கு இலவசமாகக் கிடைக்குமா, வேண்டாமென்றால் திரும்பப் பெறலாமா என்று கேளுங்கள். சொன்னதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்தால், கொடுப்பது தானமே என்று நாம் எண்ணுகின்றோம். உங்கள் கணவர் உயிரோடிருந்தால் வேறொரு தொழிலாளிக்காகக் கொடுத்திருப்பாரா என்பதை எங்களைவிட நீங்களே அறிவீர்கள்.”

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் உறையினின்று படத்தை எடுத்துச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். விலா எலும்புகளுக்கு இடையே, வானத்தில் நட்சத்திரம் இறைந்ததுபோல வெண்புள்ளிகள். ஓரத்தில் வெள்ளை எழுத்தில் பெயரும் எண்ணும் இருந்தன.

“கொடுக்கிறேன் ஐயா. ஆனால் பெயரை அழித்துவிட்டு வைத்துக்கொள்வோம் என்கிறார்களே, அது ஏன்?” என்றார்.

எவருடையது என்று பிறர் அறியாதிருக்கவே அவ்வாறு செய்கின்றனர், அதுதான் பாதுகாப்பு என்று விளக்கினோம். நாம் படித்த யாவும் அவ்வாறே கூறுகின்றன.

“உயிரோடு இருப்பவர்களுக்கு அது சரி. இவருக்கு இனி யாரிடம் என்ன பயம்? ஒரு இடத்திலாவது இவர் பெயர் இருக்கட்டுமே.”

இதற்கு நம்மிடம் விடை இல்லை. இளைஞர்கள் மறுபடியும் வந்தபோது, நாம் கூறிய வினாக்களோடு இதனையும் சேர்த்தே அவர் கேட்டிருக்கின்றார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, மேலிடத்தில் கேட்டு எழுத்தாகக் கொண்டுவருவதாகச் சொல்லிச் சென்றுள்ளனர். இதனை எழுதும் நாள் வரை அவர்கள் திரும்பவில்லை. படம் பெட்டிக்குப் போகாமல், சன்னலருகே ஆணியில் மாட்டியிருக்கின்றது.